'டிரெயில்ஹெட்'டுக்குத் தமிழ்: அதர்வாயா, நடைவாயிலா?

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டே பாலைநிலத்தில் நடக்கப் போகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நடைவழி தொடங்கும் இடத்தைக் குறிக்கும் 'டிரெயில்ஹெட்' (trailhead) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'பாதைத் தொடக்கம்' என்று வைத்தால் குழம்புகிறது. ஹோல்-இன்-த-ராக் சாலை, எஸ்கலான்டே ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 5 மைலில் 12ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிகிறது. அதுவும் ஒரு தொடக்கம்தான். அங்கிருந்து மண்சாலையில் ஏறத்தாழ 26 மைல் போய், இடப்பக்கக் கிளையில் திரும்பி இன்னும் ஒரு மைலுக்கு மேல் போனால்தான் பீக்கபூ, ஸ்பூக்கி பாறை இடுக்குகளுக்கு நடக்கத் தொடங்கும் டிரை ஃபோர்க் வரும். "தொடக்கத்தில் தண்ணீர் கிடையாது" என்று எழுதினால் வாசகர் எந்தத் தொடக்கத்தை எடுத்துக்கொள்வார்? வண்டி விடும் இடம், நடப்பவர்கள் பெயர் எழுதும் பதிவேட்டுப் பெட்டி, நடைவழியின் முதல் அடி மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரே சொல் வேண்டும்.

செ. எழுதியது:

சொல் ஆயத்தமாகவே இருக்கிறது: அதர்வாய். பாலைப் பாட்டுகளில் பொருள்தேடிப் போகும் தலைவன் கடக்கும் அருவழி 'அதர்'. புகும் இடம் 'வாய்': கணவாய், மடைவாய். வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்கே 'கவலை' என்று தனிப்பெயர் வைத்த மொழி இது. நெடுஞ்சாலைப் பிரிவைக் கவலை என்றும், நடை தொடங்கும் இடத்தை அதர்வாய் என்றும் எழுதினால் க. சொல்லும் குழப்பம் அடியோடு தீரும்.

பா. எழுதியது:

செ. ஐயா, "கவலையில் இடப்பக்கம் திரும்பவும்" என்று படிப்பவர் என்ன செய்வார்? கையேட்டைத் திறக்கும் இடத்தில் கைபேசிச் சிக்னல் இருக்காது, அகராதியும் இருக்காது. வெள்ளியங்கிரிக்குப் போகிறவர் எல்லோருக்கும் 'அடிவாரம்' தெரியும். ஆனால் அதுவும் இங்கே பொருந்தாது. எஸ்கலான்டேயில் வண்டி நிற்பது மேட்டில், நடை இறங்குவது பள்ளத்தில். ஃபார்ட்டிமைல் ரிட்ஜ் என்ற மேட்டில் வண்டியை விட்டுக் கயோட்டி கல்ச் பள்ளத்தாக்குக்குப் போகிறவர் முதல் நாள் இறங்குகிறார், கடைசி நாள் களைத்த காலோடு ஏறுகிறார். அடிவாரம் என்று எழுதினால் தண்ணீர்க் கணக்கே தலைகீழாகிவிடும்.

சொல்லை விடச் சாலைப் பகுதியைத் திருத்துவது அவசரம். வரைவில் "நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி போதும்" என்று இருக்கிறது. போதாது. ஹோல்-இன்-த-ராக் சாலையின் களிமண் மழையில் நனைந்தால் டயரின் பள்ளங்களை அப்பி அடைத்துவிடும். நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும். காய்கிறவரை காத்திருப்பதுதான் வழி. காய்ந்த காலத்தில் தொல்லை வேறு. வேகமாக ஓடும் சக்கரங்கள் துள்ளித் துள்ளி மண்ணை வரிவரியாகக் குவித்துவிடுகின்றன. டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 25 வாக்கில் இறக்கினால் குலுக்கல் குறையும். ஆழ்மணலுக்கு இன்னும் சற்று இறக்கலாம். ஆனால் திரும்ப நிரப்பச் சிறு காற்றடிப்பான் கையில் இருக்க வேண்டும்; காற்றிறங்கிய டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். கூர்ங்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் பஞ்சர் பசை உதவாது. முழு அளவு ஸ்டெப்னி வேண்டும், ஜாக்கி மணலில் புதையாதிருக்க அடியில் வைக்க ஒரு பலகையும் வேண்டும்.

ம. எழுதியது:

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியதாக 'நடைவாயில்' எப்பிடி? நடை எல்லாருக்கும் தெரியும், வாயிலும் தெரியும். வண்டியிலிருந்து இறங்கி நடைக்குள் புகுகிற இடம்.

செ. எழுதியது:

அம்மா, 'வாயில்' என்பது 'இல்வாய்' முன்பின் மாறிய இலக்கணப் போலி, 'முன்றில்' போல. அதற்குள் ஓர் இல் இருக்கிறது. ஆளில்லாப் பாலையில் இல் ஏது? வாய் மட்டும் போதும்.

ம. எழுதியது:

'நுழைவாயில்' எண்டு சுடுகாட்டுக்கும் எழுதுகினம், ஐயா. அங்கே ஆரும் வீட்டைத் தேடுறதில்லை.

இரா. எழுதியது:

'தடம்' என்பதை எப்படி விட்டீர்கள்? தொல்காப்பிய உரியியல் "தடவும் கயவும் நளியும் பெருமை" என்கிறது. அதோடு "தடவென் கிளவி கோட்டமும் செய்யும்" என்றும் சொல்கிறது. கோட்டம் என்றால் வளைவு. பாறைக்குப் பாறை வளைந்து போகும் வழிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? 'தடத்தலை' என்று சொல்லலாம். தலை என்பது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. கடைத்தலை, தலைவாசல் எல்லாம் நம் சொற்களே.

செ. எழுதியது:

உரிச்சொல் 'தட' வேறு, பெயர்ச்சொல் 'தடம்' வேறு. இரண்டையும் ஒரே வேரில் கட்ட இந்த நூற்பா இடம் தராது. தவிர, அங்கே பல இடங்களில் தடமே கிடையாது. வெறும் பாறைப் பரப்பில் கற்குவியல் அடையாளம் பார்த்துத்தான் போக வேண்டும்.

பா. எழுதியது:

கடைசி வரி உண்மை. கையேட்டிலும் அது வரட்டும்.

ம. எழுதியது:

இன்னொன்று. வரைவில் இரவு தங்குவதை 'முகாம்' எண்டு போட்டிருக்கிறியள். எங்கட ஆக்களுக்கு முகாம் எண்டால் அகதி முகாம், இல்லாட்டி இராணுவ முகாம். 'பாசறை' போரோடு வந்த சொல், அதுவும் வேண்டாம். 'இராத்தங்கல்' எண்டு போடுங்கோ.

பா. எழுதியது:

இராத்தங்கல் நல்ல சொல். அந்தப் பகுதிக்குச் சேர்க்க வேண்டியவை: இரவு தங்கும் அனுமதிச்சீட்டு இலவசம்; எஸ்கலான்டே ஊரிலுள்ள பார்வையாளர் மையத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, சாலை நிலவரமும் அங்கேயே தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து அந்த மண்சாலையில் சுமார் 12 மைலில் வரும் டெவில்ஸ் கார்டன் என்ற பாறைப் பகுதியில் பகலில் மட்டுமே இருக்கலாம், தங்கக் கூடாது. வண்டிக்கருகே தங்குகிறவர்கள், முன்பே யாராவது தங்கி மண் இறுகிய இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றிலும் கறுத்துப் புடைத்துத் தெரியும் மண்பொருக்கு உயிருள்ளது. நீலப்பசும்பாசியும் கற்பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு மிதியில் நொறுங்குவது திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும். வறண்ட ஓடைப்படுகை மெத்தையாகத் தெரியும், அங்கே மட்டும் கூடாரம் போடவே கூடாது. பல மைல் தள்ளிப் பெய்த மழை, தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இது மிகுதி. மணலில் கூடார முளை நிற்காது. பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், வண்டியில் தனியாக ஒரு நாள் கையிருப்பு. கயோட்டி கல்ச்சில் மலத்தையும் அதற்கான பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை இடக்கரடக்கலாகச் சுற்றி எழுதாதீர்கள், நேராக எழுதுங்கள்.

க. எழுதியது:

நன்றி. இரா. தடத்தலையில் நிற்கிறார், செ. அதர்வாயில், ம. நடைவாயிலில். நேரமில்லாததால் நடைவாயில் என்றே போடுகிறேன். முதல் பக்கத்தில் "வண்டியை விட்டு நடக்கத் தொடங்கும் இடம்" என்று விளக்கம் இருக்கும். நெடுஞ்சாலையை விட்டு மண்சாலை விலகும் இடம் 'சாலைப் பிரிவு'. தூரங்கள் மைலிலேயே இருக்கும், அங்கே வண்டியின் ஓட்டமானி மைலில்தான் காட்டும்.

பா. எழுதியது:

விளக்கத்தில் ஒன்று சேருங்கள். தாழ்ந்த அடித்தளமுள்ள கார்கள் டிரை ஃபோர்க் கிளைச்சாலையின் கரடான பகுதிக்கு முன்பே நின்றுவிடும். அவர்களுக்கு நடை முன்கூட்டியே தொடங்குகிறது. பதிவேட்டுப் பெட்டி உள்ள இடம்தான் நடைவாயில், உங்கள் கார் நின்ற இடம் அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர், நேரம் இரண்டுக்கும் கணக்கு கார் நின்ற இடத்திலிருந்தே.

செ. எழுதியது:

அச்சுக்கு நடைவாயில் போகட்டும். அதர்வாயைச் சொல்லடைவில் அடைப்புக்குள் ஒரு முறையாவது வையுங்கள். கைவிடுவதாக இல்லை. வறண்ட ஓடைப்படுகைக்கு என்ன சொல் என்று இன்னும் யாரும் பேசவில்லை. 'மணலோடை' என்றால் ஓடுகிற நீர் இருப்பதாகத் தோன்றும்.