ஊர்ப் பள்ளி அறிவியல் வகுப்பு: எதற்குப் பணம் அனுப்புவது

சொந்தங்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளை வைத்து நம் நடுநிலைப் பள்ளியில் செய்முறை அறிவியல் நடத்தலாம், செலவை நம் சங்கம் ஏற்கலாம் என்றதும் மைக்ராஸ்கோப், ரெடிமேட் அறிவியல் பெட்டி என்று பட்டியல் நீள்கிறது. அதெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. விலை கூடிய பொருள் பள்ளிக்குள் நுழைந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். உடைந்தால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்லணும். அதனால் நேராகப் பீரோவுக்குள் போகும். தீர்ந்துபோகிற சாமானுக்கு அந்தப் பயம் கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் சல்லிசான பொருள்களை வைத்துத்தான் ஓடியது. அங்கே போய்ப் பழகிய பொறியாளர் அரவிந்த் குப்தா பிற்பாடு ஊரெங்கும் பரப்பிய பேட்டரி மோட்டாரையே (பேட்டரி, காந்தம், செம்புக் கம்பிச் சுருள் கொண்டு ஓடும் சிறு மோட்டார்) முதல் வகுப்புக்கு வைக்கலாம்.

40 பிள்ளைகள், நாலு பேருக்கு ஒன்று என்றால் 10 மோட்டார். பெரிய டார்ச் பேட்டரி 15 (ஐந்து உபரி), பெரிய ஊக்கு 30, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் 10, சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம் 20. மோட்டார் வைண்டிங் கடையில் 26 கேஜ் தடிமனில், எனாமல் (மின்சாரம் கடத்தாத பூச்சு) பூசிய செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும்; 100 கிராமில் ஏறக்குறைய 65 மீட்டர் வரும். ஒரு சுருளுக்கு ஒரு மீட்டர் போதும். பாதி வீணாகும் என்று வைத்தாலும் மூன்று வகுப்புக்குத் தாங்கும். பெயிண்ட் அடித்த ஊக்கு வாங்காதீர்கள், மின்சாரம் பாயாது.

கம்பியைப் பேட்டரி மேலேயே எட்டுச் சுற்றுச் சுற்றி, சுருளாக உருவி, இரு நுனியையும் எதிரெதிராக நாலு சென்டிமீட்டர் நீட்டிவிடணும். ஒரு நுனியில் எனாமலை முழுக்கச் சுரண்டணும். மறு நுனியில்தான் சூட்சுமம்: சுருளை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்து, கம்பியின் மேல்பாதியை மட்டும் சுரண்டணும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் விசை திசை மாறி, சுருள் தொட்டில் மாதிரி ஆடும், சுற்றாது. படுக்கவைத்துச் சுரண்டினாலும் அதே கதிதான். சரியாகச் செய்தால் அரைச்சுற்றுக்கு மின்சாரம் தள்ளும், மீதி அரைச்சுற்றுக்கு அது நின்று, சுருள் தன் வேகத்திலேயே போகும். கூடுதலாகச் சுரண்டிவிட்டால் நகப்பூச்சு தடவி ஐந்து நிமிடம் காயவிட்டால் சரியாகிவிடும்.

பேட்டரியின் இரு முனையிலும் ஊக்கை ட்யூப் வளையத்தால் இறுக்கி, ஊக்கின் கண்ணில் நுனிகளை நுழைத்து, சுருளுக்கு அடியில் பேட்டரி மேல் காந்தத்தை வைத்து, சுருளை விரலால் ஒரு சுண்டு. ஓடவில்லையென்றால் பத்துக்கு எட்டுத் தடவை எனாமல் சரியாகச் சுரண்டாமல் மிச்சம் இருக்கும்; இல்லாவிட்டால் நுனி இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஓடாத சுருளை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஒரு மீட்டர் கம்பியின் மின்தடை 0.1 ஓம்தான், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். ஊக்கு சுடும், பேட்டரி கொஞ்ச நேரத்தில் செத்துவிடும்.

இதற்கு 45 நிமிடப் பீரியட் காணாது, இரண்டு பீரியட் கேட்டு வாங்கணும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை உண்டு. திட்ட அலுவலரிடம் பேசினால் ஆள் கிடைக்கும். செமஸ்டர் நெருங்கும்போது கேட்டால் யாரும் வர மாட்டார்கள். இரண்டு குழுவுக்கு ஒருவர் வீதம் ஐந்து பேர் போதும். முதல் நாள் மாலை, அதே கம்பி அதே பேட்டரியில், ஆளுக்கு இரண்டு மோட்டார் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வரணும். யூடியூபில் பார்த்துவிட்டு நேரே வருகிறவர்கள்தான் சுரண்டலில் மாட்டுவார்கள்.

இன்னொரு தொல்லை, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லக் கை பரபரக்கும். குழந்தையின் சுருளை வாங்கித் தாங்களே சுரண்டிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தடுத்தாகணும். காந்தத்தைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் சுற்றும், பேட்டரியையும் சேர்த்துத் திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கட்டும். பாத்ரூம் ஆசிடில் அலுமினியத் தாளைப் போட்டுப் பலூன் ஊதும் வாணவேடிக்கை அறவே கூடாது. பட்டன் காந்தமும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

2022 முதல் அரசின் வானவில் மன்றமும் 6 முதல் 8ஆம் வகுப்புகளுக்குச் செய்முறை காட்டுகிறது. அவர்கள் செய்ததையே திரும்பச் செய்யாமல் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம், அவரும் வகுப்பில் கூட இருக்கட்டும். கல்வி அலுவலரின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

ஆகவே சங்கம் தரவேண்டியது சாமான் செலவு, கல்லூரி மாணவர்களின் பஸ் காசு, மதியச் சாப்பாடு. சுருளும் ஊக்கும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகட்டும். பேட்டரியையும் காந்தத்தையும் எண்ணித் திரும்ப வாங்கணும்.