ஃப்ளூ ஊசிக்குத் துணை போக நாலு பேர் வேண்டும்

நம் புளோக் தாத்தா பாட்டிகளை ஃப்ளூ ஊசிக்குக் கிளினிக் அழைத்துப் போக, தமிழ் பேசும் நாலு பேர் தேவை. சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் போதும்.

65 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும், இனிப்புநீர் (நீரிழிவு), ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் முதலில். வீட்டில் கர்ப்பிணியோ, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் பிள்ளையோ இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

“போன வருஷம்தான் போட்டேனே” என்பார்கள். கிருமி மாறிக்கொண்டே இருக்கும், பாதுகாப்பும் குறையும். வருஷா வருஷம் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். டிசம்பரில் ஃப்ளூ கூடும் என்பதால் நவம்பரிலேயே முடித்துவிடுவோம். ஊசியால் ஃப்ளூ வராது, ஓரிரு நாள் கை வலிக்கலாம், சிலருக்கு லேசான காய்ச்சலோ உடம்பு வலியோ வரலாம்.

அடையாள அட்டை, சாஸ் அட்டை (CHAS, மருத்துவக் கட்டணச் சலுகை அட்டை), மருந்துப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தாதியிடம் முன்கூட்டியே சொல்லணும். அவர்கள் ஊசி போட்ட இடத்தை இரண்டு நிமிஷமாவது அழுத்திப் பிடிக்கணும், தேய்க்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். பாட்டிகளின் இறுக்கமான ரவிக்கைக் கை தோள்வரை ஏறாது, தளர்வான சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

வர முடிந்தவர்கள் கீழே பதில் போடுங்கள். சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா?