கொல்லாத காப்பகம்: உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொல்வது

தன்னார்வலர், சென்னை

"நீங்கதான் எந்த நாயையும் கொல்ல மாட்டீங்களே, எடுத்துக்கிட்டா என்ன?" எங்கள் வாசலில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, கீழ் ஃபிளாட்காரர் சண்டைக்கு வருகிறார் என்று ஏதாவது காரணம் இருக்கும். வயதான லாப்ரடார் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும். கொல்லாத இடத்தில்தான் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்றால் முகம் சுருங்கிவிடும். உள்ளே இருப்பது வெளியே போனால்தானே கூண்டு காலியாகும்? தத்தெடுக்க வருபவர்களோ குட்டிதான் கேட்கிறார்கள். மறுத்து அனுப்பினால் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நைலான் கயிறு, பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்.

இருந்தாலும் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாநகராட்சி வருடக்கணக்கில் நாய் பிடித்துக் கொன்ற ஊர் இது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964இலேயே சொல்லிவிட்டது. மாநகராட்சி அதைக் கேட்டது 1996இல்! அத்தனை காலம் கொன்றும் தெருவில் நாய் இல்லாமல் போய்விடவில்லையே.

கால்நடை மருத்துவர்

கொல்லாமை என்றால் எந்த நாய்க்கும் கடைசி ஊசி போடவே கூடாது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் முற்றிய நாயைப் பார்த்திருக்கிறீர்களா? எதையோ மெல்லுவதுபோல் தாடை ஆடிக்கொண்டே இருக்கும். வலிப்பு வந்து விழும், எழுந்திருக்கும், மறுபடி விழும். அப்படி ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை, வாயோரம் வழிந்தது. "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் டாக்டர்" என்றாள். "அந்த ரெண்டு நாளும் அதுக்குத்தாம்மா வலிக்கும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஊசி போடும்போது அவளே தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அமெரிக்காவில் காப்பகத்துக்கு வருபவற்றில் 90 சதவீதம் உயிரோடு வெளியேறினாலே 'நோ கில்' என்கிறார்கள். மிச்சம் இந்த மாதிரி நாய்களுக்காக. நம் நாட்டின் 2023 தெருநாய்க் கருத்தடை விதிகளும் குணமாகாத நோய், பிழைக்க முடியாத காயம் என்றால் அந்த ஊசியை அனுமதிக்கின்றன. ஆனால் கூண்டு பற்றவில்லை, ஊசி போடுங்கள் என்று கேட்டால் நான் வர மாட்டேன்.

நாய் வளர்ப்பவர், கோவை

டாக்டர் சொன்னது சரி. நோயில்லாத நாய் படும் பாட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பல வருடம் காப்பகக் கூண்டிலேயே இருந்த நாயை எடுத்து வந்தோம். எங்கள் ஹாலிலும் அந்தக் கூண்டு அளவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. புல்லில் கால் வைக்காது. தட்டை வைத்துவிட்டு நாங்கள் அறையை விட்டுப் போனால்தான் சாப்பிடும். சாகடிக்கவில்லை, சரி. தினமும் யாராவது நடக்கக் கூட்டிப் போயிருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காது.

வளர்ந்த நாய் எடுக்க நினைப்பவர்களுக்கு: முதல் சில வாரம் மாடிப் படியையும் கேட்டையும் பூட்டியே வையுங்கள். பழகும்வரை வீட்டுக்குள்ளும் கயிறு கழுத்திலேயே இருக்கட்டும். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் கட்டாதீர்கள், எங்களுடையது அதற்குத்தான் அதிகம் பயந்தது.