ராபர்ட் லோவல்: மனைவியின் கடிதங்களைக் கவிதையாக்கியது முறையா?

நெய்தல்:
அமெரிக்கக் கவிஞர் லோவலின் ‘தி டால்ஃபின்’ கவிதை நூல் 1973இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அதைச் சாதனை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1970இல் இங்கிலாந்துக்குச் சென்று எழுத்தாளர் கரோலின் பிளாக்வுட்டோடு வாழத் தொடங்கியவர், இருபதாண்டுகள் தம்மோடு வாழ்ந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக் நியூயார்க்கிலிருந்து வேதனையோடு எழுதிய கடிதங்களை, அவருடைய சம்மதம் இல்லாமலேயே பதினான்கு வரிக் கவிதைகளாக்கி அச்சேற்றினார்.

மருதன்:
தம் வாழ்க்கையை மறைக்காமல் எழுதுவதுதான் லோவலின் வழி. 1959இல் வந்த ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்பில், பாஸ்டன் அருகிலுள்ள மக்லீன் மனநல மருத்துவமனையில் தாம் இருந்த நாள்களை எழுதும்போது, உலோகக் கண்ணாடியின் முன் நிற்கும் தம் உருவத்தையும், 200 பவுண்டு எடையையும், நோயாளிகள் கையிலிருக்கும் பூட்டிய சவரக்கத்தியையும் அப்படியே காட்டுகிறார். தம்மை விட்டுவைக்காதவர் பிறரை மட்டும் எப்படி விட்டுவைப்பார்?

நெய்தல்:
மருதன் அவர்களே, அந்தச் சவரக்கத்தி அவருடையது, கடிதங்கள் ஹார்ட்விக்குடையவை. லோவலின் நெருங்கிய தோழியும் கவிஞருமான எலிசபெத் பிஷப், கைப்பிரதியைப் படித்துவிட்டு 1972 மார்ச்சில் எழுதியது இதைத்தான்: கடிதங்களை எடுத்தாண்டது ஒருபுறம் இருக்க, அவற்றை மாற்றியும் விட்டீர்கள், கலைக்கு அவ்வளவு விலை தரத் தேவையில்லை என்றார். அதன்பின் லோவல் சில வரிகளைச் சாய்வெழுத்துக்கு மாற்றினார், கவிதைகளின் வரிசையையும் மாற்றினார். விளைவு என்ன? கரோலினுக்கு 1971இல் பிறந்த மகன், லோவலின் 1970 டிசம்பர் நியூயார்க் பயணத்துக்கு முன்பே நூலில் பிறந்துவிடுகிறான். நடந்ததை ஏன் சொல்லக்கூடாது என்று பின்னாளில் ‘எபிலோக்’ கவிதையில் கேட்டவரும் இவரேதான்.

மருதன்:
வரிசையை மாற்றுவது கவிஞரின் உரிமை. பிறரையும் தம்மையும் காயப்படுத்தாமல் இருக்கவில்லை என்று கடைசிக் கவிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1977 கோடையை ஹார்ட்விக்குடன் மெய்ன் மாநிலத்தில் கழித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஹார்ட்விக்கின் வீட்டுக்கு வரும் வழியில், டாக்சியிலேயே உயிர்விட்டார். ஹார்ட்விக்கே ஏற்றுக்கொண்டவரை நாம் ஏன் தண்டிக்க வேண்டும்?

நெய்தல்:
ஹார்ட்விக் ஏற்றுக்கொண்டது மனிதரை. நாம் பேசுவது நூலைப் பற்றி. அவருடைய உண்மையான கடிதங்கள் 2019இல்தான் அச்சில் வந்தன. ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள், லோவல் வெட்டி ஒட்டிய வரிகளையே ஹார்ட்விக்கின் குரலாக வாசகர்கள் படித்திருக்கிறார்கள்.