55 வயதில் 42 இலட்சம் சேமலாப நிதி கைக்கு வருகிறது, என்ன செய்யலாம்?

சீனக்குடாக்காரன்:
எனக்கு வருகிற மார்கழியோடு 55 முடிகிறது. திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் வேலை, அதற்கு முதல் டவுனில் ஒரு கடையில் நாலு வருடம். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியில் (ஈபிஎஃப்) கிட்டத்தட்ட 42 இலட்சம் இருக்கிறது. செய்தி எப்படி வெளியே போனதோ தெரியாது, வீட்டில் தினமும் மாநாடுதான். மனுசி பவுணாக வாங்கி வை என்கிறா. மகன் நிலாவெளிக் காணியில் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரருக்கு விடுவோம் என்கிறான். மச்சான் ஒருத்தர், வள்ளக்காரருக்கு வட்டிக்குக் கொடுத்தால் மாதம் நூற்றுக்கு ஐந்து வரும், வங்கியில் வருடத்துக்கே எட்டுத்தானே என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். தனியார் வேலை என்பதால் ஓய்வூதியம் கிடையாது. மகள் ஏஎல் படிக்கிறாள், எனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளி அக்கா:
தம்பி, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. எட்டு சதவீதம் என்றே வைப்போம். 42 இலட்சத்துக்கு வருடம் 3,36,000, அதாவது மாதம் 28,000. 2025 சித்திரையில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள், பிடித்தால் கையில் 25,200. ஆனால் உங்கள் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பை நிறுத்தலாம். இதைக் கவுண்டரில் நாங்களாகச் சொல்வது குறைவு, உண்மையை ஒத்துக்கொள்கிறேன், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே தவணையில் பூட்டாதீர்கள். வங்கி முறிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான், ஆகவே நாலு இடமாகப் பிரித்தால் முழுவதும் அதற்குள் அடங்கும். தவணையையும் 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மாற்றிப் போடுங்கள். நானே வங்கிக்காரி, நானே செய்த மடத்தனம் கேளுங்கள்: 2021 இல் ஐந்து வருடத்துக்கு ஆறரை சதவீதத்தில் பூட்டினேன். அடுத்த வருடமே வட்டி 20 ஐத் தாண்டியது, புரட்டாதியில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. மாதாமாதம் வருகிற அதே வட்டியில் பால்மா வாங்கவே யோசிக்க வேண்டி வந்தது. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலும் பாருங்கள், 91, 182, 364 நாள் என்று மூன்று தவணை இருக்கிறது. 2023 இல் அரசாங்கம் தன் கடனை மறுசீரமைத்தபோதும் தனியாட்களின் உண்டியலில் கை வைக்கவில்லை.

இன்னொன்று, 55 ஆனவுடன் பணத்தை எடுத்தே தீரவேண்டும் என்று சட்டமில்லை. எடுக்கும்வரை அங்கேயே வட்டி சேரும், 2023 க்கு 13 சதவீதம் கொடுத்தார்கள். ஆறுதலாக முடிவெடுங்கள்.

நிலாவெளி அறை:
மகனிடம் சொல்லுங்கோ அண்ணை, சீசன் சித்திரை கடைசியில் தொடங்கி புரட்டாதியோடு முடியும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றும் மழையும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது, அறை சும்மா கிடக்கும். ஆனால் உப்புக் காற்று சும்மா இருக்காது. என்னிடம் மூன்று அறை. ஏசியின் வெளிப்பெட்டி மூன்று வருடத்தில் அப்பளம் மாதிரி உதிர்ந்தது, கதவுப் பிணைச்சல் வருடா வருடம் மாற்றுகிறேன். ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் வரிசை என்று 2019 இல் இருந்து நாலு சீசன் போனது. நான் பிழைத்தது மனுசியின் ஆசிரியர் சம்பளத்தில். தொழில் கூடாது என்று சொல்லவில்லை, மகன் தன் பெயரில் கடன் எடுத்து ஒரு அறை கட்டிப் பார்க்கட்டும். உங்கள் பணம் வேண்டாம்.

மூதூரான்:
அந்த மச்சான் கதையை மட்டும் கேட்காதீர்கள். மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது. வள்ளக்காரன் எஞ்சின் பழுதானாலோ, புயல் வந்தாலோ முதலில் நிறுத்துவது உங்கள் வட்டியைத்தான். கொடுக்கச் சொன்னவரும் சொந்தம், வாங்கியவரும் தெரிந்தவர், பொலிசுக்கும் போக முடியாது. எங்கள் வாப்பா இப்படி ஆறு இலட்சம் கொடுத்து, கடைசியில் கிடைத்தது பழைய வலை இரண்டும் ஒரு சலாமும். கூட வட்டி தருகிறோம் என்ற ஒரு நிதி நிறுவனத்திலும் போட்டார், அதுவும் மூடப்பட்டது. மத்திய வங்கியின் அனுமதிப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். திருகோணமலை டவுனிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

சீனக்குடாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, செலவு மாதம் 70,000 வரும், அப்போ 28,000 இல் என்ன செய்வது என்று இரவெல்லாம் நித்திரை இல்லை. அதோடு தொழில் அலுவலகத்துக்குப் போனேன், புதுத் தலையிடி: அந்தக் கடைக்காரர் நாலு வருடத்தில் இரண்டு வருடம்தான் சேமலாப நிதிக்குக் கட்டியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ‘ந’ வில், அடையாள அட்டையில் ‘நா’ வில்.

உப்புவெளி அக்கா:
பெயர்ப் பிரச்சினையை இப்போதே தொடங்குங்கள், மார்கழி வரை விடாதீர்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம் எல்லாம் சேர்த்துக் கேட்பார்கள். பழைய சம்பளச் சிட்டை ஏதாவது இருந்தால் கடை விசயத்துக்கு உதவும், பெட்டியைத் தேடுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்த பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள், கலியாணத்துக்கு முதல் கொடுத்த அம்மா பெயர் அப்படியே கிடக்கும். 70,000 என்றால் வட்டி மட்டும் காணாது, 60 வரையாவது பாதி நேர வேலை ஒன்று பார்க்க வேண்டும். ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, எவ்வளவு என்று எழுதுங்கள், அதை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுவோம்.

சீனக்குடாக்காரன்:
பெட்டியில் 1996 சிட்டை மூன்று கிடந்தது, ஒன்றைக் கறையான் பாதி தின்றுவிட்டது. அக்கா சொன்னது போலப் பின்னுரித்தாளி அம்மாதான், அவ போய் பதினொரு வருடம். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.