பழைய லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி: பயாஸில் ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் காணோம்

கேள்வி

வணக்கம். 2010 மாடல் லேப்டாப், முதல் தலைமுறை கோர் ஐ3, எச்எம்55 சிப்செட். உள்ளே இருந்த 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டியிருக்கிறேன். பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கிற அமைப்புத் திரை) சில தடவை பெயர் வருகிறது, சில தடவை இல்லை. வந்த நேரம் பார்த்து விண்டோஸ் 10 ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. அதே எஸ்எஸ்டி யூஎஸ்பி கேஸில் வேறு கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. பழைய டிஸ்க்கை மாட்டினால் அதுவும் பூட் ஆகிறது. எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்கவா?

பதில் 1

அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். இரண்டு டிஸ்க்கும் தனித்தனியே ஓடுகின்றன என்றால் முதல் சந்தேகம் பொருத்தத்தின் மேல்தான். அந்தக் காலத்து 2.5 இன்ச் டிஸ்க் 9.5 மிமீ தடிமன், உங்கள் எஸ்எஸ்டி 7 மிமீ. பக்கவாட்டில் நான்கு ஸ்க்ரூவும் போட்டுப் பிடிக்கிற கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) என்றால் பாதகமில்லை. மூடியும் ரப்பரும் அழுத்திப் பிடிக்கிற அமைப்பு என்றால் 2.5 மிமீ ஆட்டம் இருக்கும், கனெக்டர் சாய்ந்து பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும்.

சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திவிட்டுத் திறங்கள். 2.5 மிமீ பிளாஸ்டிக் ஸ்பேசரை, ஸ்க்ரூ ஓட்டை உள்ள அடிமுகத்துக்கு எதிர் முகத்தில் ஒட்டுங்கள். கனெக்டர் இருக்கும் உயரம் அடிமுகத்திலிருந்துதான் கணக்கு. அடியில் ஒட்டினால் கனெக்டர் மேலே ஏறிப்போய்ச் சொருகவே சொருகாது. ஸ்க்ரூ எம்3, உள்ளே 3 மிமீக்கு மேல் இறங்கக் கூடாது, போர்டில் இடிக்கும்.

பதில் 2

ஸ்பேசர் சரிதான், ஆனால் கேபிளை அதற்குள் விட்டுவிடாதீர்கள். கேபிள் வழியில் தகவல் சிதைந்தால் அதே தகவல் மறுபடி அனுப்பப்படும். அதனால் கேபிள் கெட்டிருந்தாலும் பழைய டிஸ்க் மெதுவாகவாவது ஓடத்தான் செய்யும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டியின் சி7 வரியை, அதாவது இப்படிச் சிதைந்த தடவைகளைச் சொல்லும் சிஆர்சி பிழை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி லேப்டாப்புக்குள் இருக்கும்போதே, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து 20 ஜிபி காப்பி போட்டுவிட்டு மறுபடி பாருங்கள் (லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல், அதில் இதே வரி 199 என்று இருக்கும்). அந்த எண் ஒருபோதும் குறையாது. ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஏறினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள், அப்போதும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள். 05 (மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (லினக்ஸில் 197, படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) இவற்றில் ஏதாவது ஏறினால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஸ்பேசர் வைத்தேன். பத்துத் தடவை ஆன் செய்தும் பயாஸில் வருகிறது. காப்பிக்கு முன்னும் பின்னும் சி7 எண் 214தான். நடுவில் எஸ்எஸ்டியை வேறு கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்திருந்தேன், இப்போது ஜிபிடி டிஸ்க்கில் ஏற்ற முடியாது என்கிறது இன்ஸ்டாலர்.

பதில் 1

214 பழைய கணக்கு, பொருத்தம் சரியில்லாதபோது ஏறியது. ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறைகள். உங்கள் லேப்டாப்பில் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது அமைப்பு) இல்லை, பழைய பயாஸ்தான், அதற்கு எம்பிஆர் வேண்டும். இன்ஸ்டாலர் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை வரும், அதில் டிஸ்க்பார்ட் என்று தட்டித் திறங்கள். லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, அளவை வைத்து எஸ்எஸ்டி எது என்று உறுதி செய்யுங்கள், பென்டிரைவும் அதே பட்டியலில் நிற்கும். பிறகு வரிசையாக செலக்ட் டிஸ்க் (எஸ்எஸ்டியின் எண்ணோடு), கிளீன், கன்வெர்ட் எம்பிஆர். கிளீன் கொடுத்தால் எல்லாம் போய்விடும்.

ஏற்றுவதற்கு முன்பே பயாஸில் சாட்டா மோடை (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ ஆக்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் நீலத்திரைதான். வேகம் நொடிக்கு 270 எம்பி வாக்கில் நிற்கும். எச்எம்55ல் இருப்பது 3 ஜிபிபிஎஸ் சாட்டா மட்டுமே, அது கோளாறு அல்ல.