இசட் ஆக்ஸிஸ்ல மட்டும் 411, அப்புறம் 436 அலாரம், ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சா?

கேள்வி:
விஎம்சி (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்), ஃபேனக் 0ஐ கண்ட்ரோல். ஆன் பண்ணதும் நல்லா ஓடுது, கொஞ்ச நேரம் போனதும் இசட் (ஹெட் மேல கீழ போற ஆக்ஸிஸ்) ரேபிட்ல, அதாவது முழு வேகத்துல, மேல போறப்ப 411 (ஓடறப்ப பொசிஷன் ரொம்பப் பின்தங்கிடுச்சுங்கற அலாரம்) வந்து நிக்குது, ரீசெட் பண்ணி திரும்ப விட்டா 436 வருது. எக்ஸ், ஒய்ல எந்தத் தொந்தரவும் இல்ல. மோட்டார தொட்டுப் பாத்தேன், பெருசா சூடும் இல்ல. இசட் ஆம்ப்ளிஃபயர (மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற யூனிட்) மாத்தச் சொல்றாங்க, அதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?

பதில்:
ஆம்ப்ளிஃபயர்ல இப்ப கை வைக்காதீங்க. 436ங்கறது மோட்டாருக்கு ஓவர்லோடுங்கற அலாரம், எந்த சென்சாரும் சொல்றது இல்ல, போற கரண்ட்ட வெச்சு சாஃப்ட்வேரே போடற கணக்கு, அதான் மோட்டார் கைக்கு சூடா தெரியாமலே வருது. மோட்டார் நெஜமாவே ஓவர்ஹீட் ஆனா அது 430. சர்வோ ஸ்க்ரீன்ல கரண்ட் சதவீதத்த பாத்துக்கிட்டே ஜாக்ல (பட்டன அமுக்கி கையால ஓட்டற மோடு) மெதுவா மேலயும் கீழயும் ஓட்டுங்க. கவுண்டர் வெயிட் இல்லாத ஹெட்டுன்னா மேல போறப்ப கூடவும் கீழ வர்றப்ப குறைச்சலாவும் காட்டும், அது சரிதான், ஆனா கீழ வர்றப்பவும் ஏறுச்சுன்னா பிரேக் (பவர் இல்லாதப்ப ஹெட்டப் பிடிச்சு வெக்கறது) முழுசா விடல, இல்லன்னா ஸ்லைடுக்கு ஆயில் போகல, ஜிப் (ஸ்லைடோட இடைவெளிய சரி பண்ற பட்டை) இறுகியிருக்கு, இல்ல பால் ஸ்க்ரூ பேரிங்.

பதில்:
1828 பாராமீட்டர் வேல்யூவ கொஞ்சம் ஏத்தி விடுங்க, 411 நின்னுடும்.

பதில்:
தயவுசெஞ்சு அத செய்யாதீங்க நண்பரே. ஓடறப்ப பொசிஷன் எவ்வளவு பின்தங்கலாம்னு வெச்சிருக்கற வரம்பு அது, அத ஏத்தினா அலாரம் மட்டும்தான் மறையும், இறுக்கம் அப்படியே இருக்கும். டயக்னோசிஸ் ஸ்க்ரீன்ல 300ம் நம்பர்ல பொசிஷன் எர்ரர் எப்படி ஏறுதுன்னு பாருங்க. பிரேக் வோல்டேஜ காயில் கனெக்டர்லயே, காயில் மாட்டியிருக்கறப்பவே அளங்க, கழட்டிட்டு அளந்தா எல்லாம் சரியாதான் காட்டும். எதக் கழட்டறதுக்கு முன்னாடியும் ஹெட்டுக்கு கீழ கட்டை முட்டுக் குடுங்க, பிரேக் விட்டா ஹெட் இறங்கிடும், கை அடியில இருந்தா அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனா பவர் ஆஃப் பண்ணி சார்ஜ் லைட் அணையற வரைக்கும் காத்திருங்க.

கேள்வி கேட்டவர்:
கீழ வர்றப்பவும் லோடு ஏறுது அண்ணா. 24 வோல்ட் பிரேக், காயில் மாட்டி அளந்தா 17தான் வருது, கழட்டினா 24 காட்டுது. ரிலேவத் தொறந்து பாத்தா காண்டாக்ட் கருகிக் கெடந்துச்சு. புதுசு போட்டதும் 23க்கு மேல நிக்குது, கீழ வர்றப்ப லோடும் இறங்கிடுச்சு. ஒரு ஷிஃப்ட் ஓடிடுச்சு, அலாரம் இல்ல. பிரேக் லைனிங் தேஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்கறது?

பதில்:
முட்டுக் குடுத்து, கட்டைக்கும் ஹெட்டுக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு பவர் ஆஃப் பண்ணுங்க, ஹெட்ல டயல் கேஜ் வெச்சுப் பாருங்க. ஆஃப் பண்ண நொடியில லேசா இறங்கி நின்னா பரவால்ல, முள்ளு நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா லைனிங் போச்சு, பிரேக்க மாத்தற வரைக்கும் அந்த மெஷின ஓட்டாதீங்க.